ஊராட்சி ஒன்றியம் எப்படி வந்தது, அதை நடத்துவது யார்?

கேள்வி இது: தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம் என்ற அமைப்பு எப்போது, எதற்காக உருவானது? ஒன்றியக் குழுத் தலைவர், பி.டி.ஓ. எனப்படும் வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சித் தலைவர் ஆகிய மூவரில் உண்மையில் அதிகாரம் யாருக்கு?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் செலவு செய்யும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு. திட்டங்களை நகர்த்தும் அதிகாரம் பி.டி.ஓ.வுக்கு. சேர்மன் என்று ஊரே அழைக்கும் ஒன்றியக் குழுத் தலைவருக்குக் கூட்டம் நடத்தும் அதிகாரம் உண்டு. மற்றபடி அவருடைய பலம் அவர் கட்சியையும் அவருடைய சாமர்த்தியத்தையும் பொறுத்தது. ஆனால் ஆரம்பத்தில் இப்படி இல்லை. அறுபதுகளில் சேர்மன் என்றால் அந்த வட்டாரத்தில் எம்.எல்.ஏ.வுக்குச் சமமான ஆள். அந்த இடத்திலிருந்து ஒன்றியம் எப்படி இறங்கி வந்தது என்று பார்த்தால்தான் இன்றைய நிலைமை புரியும்.

உள்ளாட்சி என்றதும் உத்திரமேரூரிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, எல்லாம் சரி. அது ஒரு பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கான தேர்தல். பெருமைப்பட அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் இன்றைய யூனியன் ஆபீஸுக்கும் அதற்கும் நேர்வழித் தொடர்பு ஒன்றும் கிடையாது. இன்றைய அமைப்பின் வேர் வெள்ளைக்காரன் போட்ட சட்டங்களில் இருக்கிறது.

1871இல் வந்த சென்னை உள்ளூர் நிதிச் சட்டம்தான் தொடக்கம். சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம் ஆகியவற்றுக்கு அரசு கஜானாவிலிருந்து காசு எடுக்காமல், அந்தந்தப் பகுதி மக்களிடமே வரி வசூலித்துச் செய்துகொள்ளலாம் என்ற கணக்கு. 1882இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சி பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து 1884ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று அடுக்குகளை உருவாக்கியது: மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே யூனியன் பஞ்சாயத்து. ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டரேதான். பேருக்குச் சுயாட்சி, நடத்துவது அதிகாரி. இந்த ஏற்பாடு இன்றுவரை வெவ்வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

ஆனாலும் ஜில்லா போர்டுகளை லேசாக எடைபோட முடியாது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மேல் தனி வரி போட்டுச் சேர்த்த பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் பாதையே போட்டது. 1894இல் அதில் ரயில் ஓடியது. ஒரு மாவட்ட உள்ளாட்சி அமைப்பு தன் பணத்தில் ரயில் விட்டது என்றால், இன்று ஒரு சிறுபாலத்துக்கு நிர்வாக அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். 1920க்குப் பிறகு அதிகாரிகள் அல்லாதவர்கள் தலைமைக்கு வந்தார்கள். நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்து பெயர் வாங்கியவர். மாகாண அரசியலுக்குப் போன பலருக்கு ஜில்லா போர்டுதான் முதல் படி. பழைய ஆட்கள் சில ஊர்களில் இன்றும் உயர்நிலைப் பள்ளியை "போர்டு ஹைஸ்கூல்" என்பார்கள். அது இந்தக் காலத்து மிச்சம்.

நடுவிலிருந்த தாலுகா போர்டுகள் அவ்வளவாகச் சோபிக்கவில்லை. 1934இல் அவற்றைக் கலைத்துவிட்டார்கள். ஆக, நடு அடுக்குக்கு நம்மிடம் ஒரு தோல்வி ஏற்கெனவே இருந்தது.

ஒன்றியம் வந்த வழி வேறு. 1946இல் சென்னை மாகாணத்தில் பிரகாசம் ஆட்சிக் காலத்தில் ஃபிர்கா (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். விடுதலைக்குப் பின் 1952 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்கச் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது. இதற்காகத்தான் கிராமப்புறத்தை "பிளாக்" பிளாக்காக, அதாவது வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர், விவசாயம், கால்நடை, கூட்டுறவு என்று துறைக்கொரு விரிவாக்க அலுவலர், ஒரு ஜீப். மேலே இருந்து விதையும் உரமும் யோசனையும் கொண்டுபோய் ஊரில் இறக்குவது வேலை. ஊர்க்காரர்கள் பெரிதாக ஒட்டவில்லை. திட்டம் ஏன் ஓடவில்லை என்று பார்க்கப் போடப்பட்ட பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் சொன்ன பதில், சுருக்கமாக: தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் கொடுக்காமல் இது ஓடாது.

சென்னை மாநிலத்தில் அப்போது காமராஜர் முதலமைச்சர். 1958ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துகள் சட்டம் வந்தது. அது செய்த முக்கியமான காரியம், ஏற்கெனவே இருந்த வளர்ச்சி வட்டாரத்தின் எல்லையையே ஒரு உள்ளாட்சி அமைப்பின் எல்லையாக்கி, அதற்கு ஊராட்சி ஒன்றியம் என்று பெயர் வைத்தது. 1960இல் தொடங்கிக் கட்டம் கட்டமாக மாநிலம் முழுக்க 370க்கும் மேற்பட்ட ஒன்றியங்கள் அமைந்தன. ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டன. மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் ஆலோசனை சொல்லும் மாவட்ட வளர்ச்சி மன்றம் மட்டும் இருந்தது. அதனால் கிராமப்புறத்தில் உண்மையான பலமுள்ள அமைப்பாக ஒன்றியம்தான் நின்றது.

வட்டமும் வட்டாரமும் ஒன்றா என்ற குழப்பம் பலருக்கு இன்றும் தீராததற்குக் காரணமும் இதுதான். தாசில்தார் உட்காரும் தாலுகா, வருவாய்த் துறையின் பழைய எல்லை. பி.டி.ஓ. உட்காரும் ஒன்றியம், ஐம்பதுகளின் வளர்ச்சித் திட்டத்துக்காக வரைந்த எல்லை. ஒரே தாலுகாவுக்குள் இரண்டு மூன்று ஒன்றியம் இருக்கலாம். பட்டாவுக்கு ஒரு ஊருக்கும் வீட்டுத் திட்டத்துக்கு வேறு ஊருக்கும் ஜனங்கள் பஸ் ஏறுவது இதனால்தான்.

ஜில்லா போர்டிடம் இருந்த தொடக்கப் பள்ளிகள், கிராமச் சாலைகள், மருந்தகங்கள், பிரசவ விடுதிகள் ஒன்றியத்துக்கு வந்தன. பள்ளிப் பலகைகளில் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று இருப்பது வெறும் முகவரி அல்ல; அந்தப் பள்ளியை நடத்தியதே ஒன்றியம்தான். ஆசிரியர் சம்பளம் ஒன்றியத்தின் வழியாக வந்தது. நியமனத்திலும் மாறுதலிலும் சேர்மன் வார்த்தைக்கு எடை இருந்தது. சின்ன ஏரி குளங்களும் அதன் பொறுப்பில். 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளவை ஒன்றியத்துக்கு, அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறைக்கு என்பது பொதுவான பிரிவினை. தெற்கே போனால் விவசாயிகள் இதை "யூனியன் கண்மாய்", "பி.டபிள்யூ.டி. கண்மாய்" என்றே பிரித்துச் சொல்வார்கள். மடை உடைந்தால் எந்த ஆபீஸுக்கு ஓட வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயம், அன்றைய ஒன்றியக் குழுவில் உட்கார்ந்தவர்கள் யார் என்பது. தனியாக ஒன்றிய கவுன்சிலர் என்று யாரும் இல்லை. அந்த வட்டாரத்தின் ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினர்கள். அவர்களே சேர்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்கும் அதே ஆள், ஒன்றியத்தில் போய் உட்கார்ந்து பணத்தைப் பங்கு பிரிப்பார். இதில் கெடுதியும் உண்டு. பெரும்பாலும் நிலக்காரர்களும் ஆதிக்க சாதிக்காரர்களும்தான் தலைவர்களாக வந்தார்கள். ஒன்றியக் குழு அவர்களின் மன்றமாகவே இருந்தது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் நியமன இடம் கொடுத்ததெல்லாம் பெயரளவுக்குத்தான். ஆனாலும் ஊருக்கும் ஒன்றியத்துக்கும் இடையே ஒரு இணைப்பு இருந்தது. இன்று அது இல்லை.

எழுபதுகளில் சரிவு தொடங்கியது. சரிவு என்றால் யாரும் சட்டம் போட்டு ஒன்றியத்தை ஒழிக்கவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டார்கள், அவ்வளவுதான். 1970இல் ஒரு தேர்தல். அடுத்தது 1986இல். அதில் வந்தவர்கள் 1991 வரை இருந்தார்கள். பிறகு 1996 வரை மறுபடியும் தனி அலுவலர் ஆட்சி, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் அரசு அதிகாரியே நடத்துவது. 1970க்கும் 1996க்கும் நடுவில் ஒரே ஒரு உள்ளாட்சித் தேர்தல். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு. எந்த ஆட்சிக்கும் தன் எம்.எல்.ஏ.வுக்குப் போட்டியாக உள்ளூரில் இன்னொரு தலைவர் வளர்வது பிடிக்கவில்லை. இடையில் 1981 ஜூன் முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களுக்கு அது நியாயமான விடுதலை. சம்பளத்துக்கும் மாறுதலுக்கும் உள்ளூர் அரசியல்வாதி வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஒன்றியத்துக்கோ கையிலிருந்த மிகப் பெரிய வேலை போனது. கட்டடம் பராமரிப்பது மட்டும் மிச்சம்.

அப்புறம் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம். 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்தது. அதற்கேற்ப 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மறுபடி மூன்று அடுக்கு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், அதற்குத் தனித் தேர்தல் ஆணையம், இட ஒதுக்கீடு, நிதி ஆணையம், கிராம சபை. பதினோராவது அட்டவணையில் 29 இனங்களின் பட்டியல் இருக்கிறது. அவற்றை மாநிலம் உள்ளாட்சிக்கு "அளிக்கலாம்" என்றுதான் அரசியலமைப்பு சொல்கிறது, "அளிக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. தமிழ்நாடு இதில் கையை இறுக்கியே வைத்திருக்கிறது.

இந்தச் சட்டப்படி, சுமார் 5,000 பேருக்கு ஒரு ஒன்றிய வார்டு. மாவட்ட ஊராட்சிக்கு சுமார் 50,000 பேருக்கு ஒன்று. கிராமத்தில் இருப்பவர் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு ஓட்டுப் போடுவார், அதுவும் வாக்குச் சீட்டில்: ஊராட்சி வார்டுக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சி சாராதவை. பின்னிரண்டில் கட்சிச் சின்னம் உண்டு. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சேர்மனைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த மறைமுகத் தேர்தலில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த கதை. ஓட்டெடுப்பு நாள் வரைக்கும் கவுன்சிலர்களை எங்கோ ஒரு விடுதியில் "பத்திரமாக" வைத்திருப்பார்கள். சம ஓட்டு விழுந்தால் குலுக்கல்.

ஊராட்சித் தலைவர்கள் இப்போது ஒன்றியக் குழுவில் உறுப்பினர் இல்லை. தனியாக ஜெயித்த ஒன்றிய கவுன்சிலருக்குத் தன் வார்டில் மூன்று நான்கு ஊராட்சிகள் இருக்கலாம்; அந்த ஊர்களுக்குள் அவருக்கு நேரடி வேலை எதுவும் இல்லை. தெருவிளக்கு, குடிநீர், குப்பை, வீட்டு வரி எல்லாம் ஊராட்சித் தலைவரிடம். ஒரே ஊரில் ஓட்டு வாங்கிய இருவர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்கும் இடங்களை நிறையப் பார்க்கலாம்.

அலுவலகத்துக்குள் வருவோம். ஒரு ஒன்றியத்தில் இரண்டு பி.டி.ஓ.க்கள் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. முதலாமவர்தான் ஒன்றியத்தின் ஆணையர். குழு போடும் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டியவர். இரண்டாமவர் ஊராட்சிகளைக் கண்காணிப்பவர். இவர்களுக்குக் கீழே துணை பி.டி.ஓ.க்கள், ஒன்றியப் பொறியாளர்கள், பணி மேற்பார்வையாளர்கள். சாலையோ கட்டடமோ, ஓவர்சீயர் அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) எழுதி, பொறியாளர் சரிபார்த்த பிறகுதான் பில். உள்ளூரில் ஒன்றிய வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரருக்குச் சேர்மனை விட அந்த எம்-புக் முக்கியம்.

ஒன்றியக் குழுக் கூட்டத்தை ஒருமுறை நேரில் பார்த்தால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். தாள் தாளாகப் பொருள் நிரல். பொருள் ஒன்று, கடந்த கூட்ட நடவடிக்கையைப் பதிவு செய்தல். அதன் பிறகு வரிசையாக அலுவலகச் செலவு, ஜீப்புக்கு டீசல், கணினி பழுது, மழைக்காலத்தில் ஆளில்லா இடத்தில் மணல் மூட்டை அடுக்கிய செலவு. ஒவ்வொன்றின் கடைசியிலும் "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது." பாதிக்கு மேல் ஏற்கெனவே நடந்து முடிந்தவை. உதவியாளர் வேகமாக வாசிப்பார். "ஆல் பாஸ்" என்று ஒரு குரல் வரும். கவுன்சிலர்களின் உண்மையான சண்டை கடைசியில்தான்: பொது நிதியில் என் வார்டுக்கு எத்தனை லட்சம்? பல ஒன்றியங்களில் கட்சி பார்க்காமல் வார்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிடுவார்கள். சண்டை ஓய்கிறது. ஆனால் வட்டாரம் முழுவதற்குமாக ஒரு பெரிய வேலையை யோசிக்கும் வாய்ப்பும் அத்தோடு போய்விடுகிறது. என்னைக் கேட்டால் ஒன்றியக் குழுக்கள் தாங்களாகவே செய்துகொண்ட மிகப் பெரிய கெடுதல் இந்தப் பங்கு பிரிப்புதான்.

பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் கிராம ஊராட்சி வசூலிப்பவை. ஒன்றியத்துக்கு என்று சொல்லிக்கொள்ளும் வரி கிடையாது. நிலவரியோடு சேர்த்து வசூலாகும் தலவரி, மேல்வரி என்று சில உண்டு. நிலவரியே ஏக்கருக்குச் சொற்ப ரூபாய் என்னும்போது அதன் மேல் போடும் வரி எவ்வளவு தேறும்? கடை வாடகை, சந்தை ஏலம், கண்மாய் மீன்பாசிக் குத்தகை போன்றவை சில ஒன்றியங்களுக்குக் கைகொடுக்கும். பெரும்பகுதி மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கி, அதைக் கிராமம், நகரம் என்று பிரித்து, கிராமப் பங்கை மூன்று அடுக்குக்கும் பிரிக்கிறார்கள். இதில் ஊராட்சிகளுக்கே பெரிய பங்கு, அடுத்தது ஒன்றியம், மாவட்ட ஊராட்சிக்குக் கொசுறு. மத்திய நிதி ஆணையங்களைப் பொறுத்தவரை, 14ஆவது ஆணையம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே மானியம் கொடுத்து ஒன்றியத்தை விட்டுவிட்டது. 15ஆவதுதான் மூன்று அடுக்குக்கும் மறுபடி கொடுத்தது.

இவை போக, திட்டப் பணம். 2006இல் வந்த நூறு நாள் வேலை, அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், வீடு கட்டும் திட்டங்கள் என்று ஒன்றிய அலுவலகத்தின் வழியாகப் போகும் தொகை பெரிது. ஆனால் எதற்கு எவ்வளவு, எந்த அளவில், எந்த மாதிரியில் என்பதெல்லாம் சென்னையிலோ டெல்லியிலோ முடிவாகிவிடும். ஒன்றியத்துக்கு மிஞ்சுவது பயனாளிப் பட்டியலும் முன்னேற்ற அறிக்கையும். பி.டி.ஓ.வுக்கு ஏன் இவ்வளவு பலம் என்றால், இதனால்தான். அவர் நடத்துவது பெரும்பாலும் அரசின் திட்டங்களை. கணக்குச் சொல்வது கலெக்டருக்கு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கும் வரைக்கும் கலெக்டருக்கு அதிகாரம் இருக்கிறது, சட்டத்தின் 205ஆவது பிரிவில்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பழைய ஒன்றியக் குழுவில் உட்கார வாய்ப்பே இல்லாதவர்கள் இன்று தலைவர் நாற்காலியில் இருக்கிறார்கள் என்றால் அது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒதுக்கீட்டால். பெண்களுக்கு மூன்றில் ஒன்றாக இருந்தது 2016இல் பாதியானது. பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவர ரத்தமே சிந்த வேண்டியிருந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனி ஊராட்சியில் ஜெயித்துத் தலைவரானதுதான் குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் பத்து ஆண்டுகள் தேர்தலே நடத்த முடியவில்லை. நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006இல்தான் அங்கே முறையாகத் தலைவர்கள் பதவியேற்றார்கள். இன்றும் பல ஊர்களில் பட்டியல் சாதித் தலைவருக்கு நாற்காலி போடவில்லை, கொடியேற்ற விடவில்லை என்று செய்தி வருகிறது. பெண் தலைவர்களின் கணவர்கள் கூட்டத்தில் வந்து உட்காருவதும் நடக்கிறது. ஆனால் இரண்டாம் முறை நின்று ஜெயிக்கும் பெண்களைப் பார்த்தால், அவர்களிடம் கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்ற பேச்சே இருப்பதில்லை.

இனி, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லாத காலம் ஏன் வருகிறது என்ற விஷயம். 1996, 2001, 2006, 2011 என்று தேர்தல் ஒழுங்காக நடந்தது. 2016இல் அறிவிப்பு வந்து, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்டதால் விடுபட்ட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். முதலில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை, மறுபடியும் தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைக்கும். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தியாக வேண்டும் என்பதுதான் அரசியலமைப்பின் 243 ஈ. கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது.

தனி அலுவலர் காலத்தில் அன்றாட வேலை நின்றுவிடாது. சம்பளம் போகும், மோட்டார் ஓடும். ஆனால் ஒன்றியக் குழு இல்லாததால் பொருள் நிரலும் தீர்மானமும் ஒரே ஆள் மேசையில் முடிந்துவிடும். கேள்வி கேட்க எதிர்க்கட்சிக் கவுன்சிலர் கூடக் கிடையாது.

அந்தக் காலத்திலும் உயிரோடு இருப்பது கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மார்ச் 22 உலக நீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை இருந்தால்தான் அந்தக் கூட்டம் செல்லும். வேலைக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையை ஒப்பேற்றுவது சகஜம், ஆகவே நேரில் போங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வராமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதி எண் போடச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் மனுவோடு அந்தத் தீர்மான எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், "பார்க்கலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது கொஞ்சம் கடினம். பதில் வராவிட்டால், அதே எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பி.டி.ஓ. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.